மழைச் சாலையில் விலகிய பின்சக்கரம்: எந்த டயரை வாங்குவது?

வாசகர் கடிதம்

கோலாலம்பூர், செராஸ் வட்டாரத்தில் வசிக்கும் 39 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தாவும் பாட்டியும் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். "இப்படியொரு காடி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் என்று குடும்பத்தில் யாரும் நினைத்ததில்லை" என்கிறார். பிரிட்டனிலிருந்து ரீகான் காராக (அங்கே ஓடிய பின் இறக்குமதியாகி விற்கப்படும் கார்) வந்த 2018ஆம் ஆண்டு போர்ஷே 718 கேமன் விளையாட்டுக் காரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். வாங்கியபோது 14,000 கி.மீ. ஓடியிருந்தது, இப்போது 23,000. ரிம் 19 அங்குலம். டயர் அளவு முன்னால் 235/40, பின்னால் 265/40 (முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம்).

சென்ற நவம்பரில் இவருடைய துணைவியார் பெந்தோங்கில் இருக்கும் தாய்வீட்டிலிருந்து பத்து வயது மகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவைத் தாண்டி கோம்பாக் பக்கம் இறங்கும் ஒரு வளைவு. நல்ல மழை. வேகம் 90க்குள்தான். திடீரென்று காரின் பின்பக்கம் விலகி, வண்டி அடுத்த தடத்துக்குள் போய், பிறகு தானே நிமிர்ந்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை. "உனக்கு இந்தக் காடியை ஓட்டத் தெரியவில்லை என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை" என்று எழுதுகிறார்.

டயரில் இன்னும் பூ (தண்ணீரைத் தள்ளும் பள்ளக் கோடுகள்) இருக்கிறது, ஆனால் பழசாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் நான்கு கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு தவுக்கே (கடை முதலாளி) பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார். இன்னொருவர், போர்ஷேவின் 'என்' முத்திரை இல்லாத டயரைப் போட்டால் கார் கெட்டுவிடும் என்று பயமுறுத்தி, நான்குக்கும் சேர்த்து 6,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். மூன்றாவது கடையில், அதிகம் கேள்விப்படாத பிராண்டில் நான்கு டயர் 2,400 வெள்ளி. நான்காவது இடத்தில், "செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறீர்கள் அல்லவா, பந்தய டயரையே போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். இதற்கிடையில் நண்பர் ஒருவர், முக்கால்வாசி பூ உள்ள பழைய டயர்களை பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதே நண்பர் சொன்னபடி, பிடிமானம் கூடும் என்று காற்றழுத்தத்தையும் 5 பிஎஸ்ஐ குறைத்து வைத்திருக்கிறாராம். சம்பவம் நடந்த அன்றும் அப்படித்தான் இருந்ததாம்.

"நம் நாட்டில் 110க்கு மேல் ஓட்ட முடியாது. மணிக்கு 300 கி.மீ. தாங்கும் டயருக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? எதைத்தான் வாங்குவது, ஐயா?" இதுதான் அவருடைய கேள்வி. கூடவே நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கேள்வி எந்த டயர் என்பது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் மூன்றும் காரை நிறுத்திவிட்டு வெளியே நின்று எடுத்தவை. அவற்றில் பூ நன்றாகத்தான் தெரிகிறது. நான்காவது படம், காரை லிஃப்டில் ஏற்றியபோது கடைப் பையன் அடியிலிருந்து எடுத்தது. பின் டயரின் உள்விளிம்பில் ஏறக்குறைய மூன்று விரல் அகலத்துக்கு வழவழவென்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. தேய்மானத்தைக் காட்டும் 1.6 மி.மீ. மேடும் ரப்பரும் அங்கே ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வெளிப்பக்கத்தில் நீங்கள் பார்த்த பூவுக்கும் சாலையில் தண்ணீரைத் தள்ள வேண்டிய பகுதிக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருக்கிறது.

எனவே, அன்று காராக்கில் நடந்தது உங்கள் துணைவியாரின் ஓட்டுதலில் வந்த பிழை என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை. அந்த வேகத்தில், அந்த வளைவில், நல்ல டயர் உள்ள கேமன் விலகியிருக்கக் கூடாது. விலகிய பிறகும் அவர் பதறி பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் விட்டதால்தான் காரின் நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பால் வண்டியை நிமிர்த்த முடிந்தது. இதை அவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். டயர் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள்.

உள்விளிம்பு மட்டும் ஏன் தேய்ந்தது?

இவ்வகைக் கார்களின் பின்சக்கரங்கள் நேராக நிற்பதில்லை. மேல்பகுதி சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படிதான் தொழிற்சாலையிலேயே அமைக்கிறார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் சாய, டயர் முழு அகலத்துக்கும் சாலையில் படியும் என்பதற்காக. ஆனால் நீங்கள் வாரத்தில் பெரும்பாலும் ஓட்டுவது கெசாஸ், எம்இஎக்ஸ் நெடுஞ்சாலைகளில் நேராக. அப்போது எடை எல்லாம் உள்விளிம்பில் விழுகிறது. இதோடு சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணமும் சிறிதளவு தவறியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த விளிம்பு சாலையில் உரசிக்கொண்டே போகும். குழியில் ஒருமுறை வேகமாக இறங்கினாலே அந்தக் கோணம் மாறிவிடலாம். நம் சாலைகளில் அதற்கு வாய்ப்புக்குக் குறைவில்லை.

முன் பின் டயர்களின் அளவு வேறு என்பதால் சாதாரணக் கார்போல அவற்றை மாற்றி மாற்றிப் போடவும் முடியாது. இடது வலது மாற்றினாலும் பயனில்லை; உள்பக்கம், வெளிப்பக்கம் என்று தனித்தனியாக வார்க்கப்பட்ட டயரில் உள்விளிம்பு எப்போதும் உள்ளேதான் இருக்கும். ஆகவே இந்தக் காரில் டயரைப் பார்ப்பதென்றால் குனிந்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது செய்தி, டயரின் வயது. பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். உங்கள் படங்களில் முன்னும் பின்னும் 2218 என்று இருக்கிறது. 2018இன் 22ஆவது வாரம். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது போட்ட டயரே இன்னும் ஓடுகிறது. ஏழு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரைப் பயன்படுத்த வேண்டாம் என்பது போர்ஷேவின் அறிவுரை. வெயிலில் பல மாதம் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். டயருக்குள்ளும் அதேதான் மெதுவாக நடக்கிறது. வெப்பமும் ஓசோனும் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடுகின்றன. ஈரச் சாலையில் பிடிமானம் என்பது மென்மையான ரப்பர், தாரின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றுவதால் கிடைப்பது. இறுகிய ரப்பர் இறங்காது. குறைவாக ஓடிய ரீகான் கார் வாங்குபவர்கள் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். குறைவாக ஓடிய காரில்தான் பழைய டயர் அதிகம் இருக்கும்.

மூன்றாவது, நீங்கள் குறைத்து வைத்த காற்று. இதில் உங்கள் நண்பர் சொன்னது, டயர் சூடேறி அழுத்தம் தானாக உயரும் பந்தயத் தடத்தில் ஓரளவு பொருந்தும். மழைச் சாலைக்கு நேர்மாறு. அழுத்தம் குறைந்தால் டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். டயரின் நடுப்பகுதி மேலே எழும்பி, விளிம்புகள்மேல் பாரம் கூடுகிறது. ஏற்கெனவே மொட்டையான உள்விளிம்பின் மேல். மூன்று காரணமும் ஒரே வளைவில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. இன்றே, கார் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள வில்லையில் 19 அங்குலத்துக்கு என்ன எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குக் காற்றை ஏற்றிவிடுங்கள். டயர் மாறும்வரை மழையில் இந்தக் காரை எடுக்கவே வேண்டாம்.

இனி, எதை வாங்குவது?

கோலாலம்பூரில் ஒரு விளையாட்டுக் காருக்கு டயர் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நனைந்த சாலையில் இது எவ்வளவு சீக்கிரம் நிற்கும், எவ்வளவு தண்ணீரைத் தள்ளும்? உலர்ந்த சாலையில் 300 குதிரைத்திறனை அடக்க இன்றைய நல்ல டயர்கள் எல்லாமே போதும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை கொட்டுகிறது. மற்ற மாதங்களிலும் வாரத்தில் சில நாட்கள் தப்பாது. குளிர்காலமே இல்லாததால் நான்கு பருவ டயர் என்ற வகை உங்களுக்குத் தேவையில்லை. அதிவேகக் கார்களுக்கான கோடை டயர்தான் நமக்கு ஆண்டு முழுவதும் பொருந்தும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் நான்கு கடைக்காரர்களின் பேச்சும் உங்கள் நண்பரின் பேச்சும் தானாகவே தரம் பிரிந்துவிடும்.

பின்னால் இரண்டு மட்டும் போதும் என்றவர் உங்கள் செலவைக் குறைக்கத்தான் பார்த்திருக்கிறார். முன் டயர்கள் இளமையாக இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் முன்னாலும் 2218. புதிய பின் டயர் உறுதியாகப் பிடிக்க, இறுகிப்போன முன் டயர் ஈரத்தில் வழுக்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் நேராகப் போகும். அதுவும் ஆபத்துதான். நான்கையும் ஒரே பிராண்டில், ஒரே மாடலில் மாற்றுங்கள்.

பழைய டயரை வாங்கித் தருவதாகச் சொல்லும் நண்பருக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். டயருக்குள் இருக்கும் எஃகு, நைலான் அடுக்குகள் எந்தக் குழியில் அடிபட்டன, எத்தனை நாள் காற்றில்லாமல் உருண்டன என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பூ ஆழமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், தேய்ந்த டயரில் மறுபடி பூ வெட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகள் உட்காரும் காரில் அதற்கு இடமில்லை.

2,400 வெள்ளி டயரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். விலை குறைவு என்பதாலேயே அது குப்பை என்று நான் சொல்லமாட்டேன். தினசரி வேலைக்குப் போகும் சாதாரணக் காருக்கு மலிவான டயர்களில் சில நியாயமாக உழைக்கின்றன. ஆனால் மலிவான டயருக்கும் விலை உயர்ந்த டயருக்கும் உள்ள இடைவெளி உலர்ந்த சாலையில் குறைவாகவும் ஈரச் சாலையில் மிகப் பெரிதாகவும் தெரியும். ஈரப் பிடிமானம் சிலிக்கா கலந்த ரப்பர்க் கலவையைப் பொறுத்தது. தயாரிப்பாளரின் ஆராய்ச்சிப் பணம் போவது அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் வில்லையில் ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் இ வரை தரம் உண்டு. எந்த டயரைக் காட்டினாலும் அதே அளவுக்கான அந்தத் தரத்தைக் கேளுங்கள். ஏ அல்லது பி என்று காட்ட முடியாவிட்டால் வேண்டாம்.

என் பார்வையில் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியவை: மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் அல்லது அதைவிடப் புதிய பைலட் ஸ்போர்ட் 5, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஸ்போர்ட், பிரெல்லி பி ஸீரோ, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6. இவற்றில் என் சாய்வு முதல் மூன்றின் பக்கம். அவற்றிலும் மழையை முன்னிறுத்தினால் கான்டினென்டலும் மிச்செலினும். ஆனால் உங்கள் முன், பின் அளவு இரண்டும் ஒரே மாடலில், புதிய தேதியோடு கையிருப்பில் இருப்பது எது என்பதுதான் கடைசியில் முடிவு செய்யும். மிகச் சிறந்த மாடலின் மூன்று வருடப் பழைய இருப்பைவிட, அடுத்த நிலையில் உள்ளதன் சென்ற மாதத் தயாரிப்பு எனக்கு மேல்.

'என்' முத்திரை இல்லாவிட்டால் கார் கெட்டுவிடுமா?

கெடாது. ஆனால் அந்த முத்திரை வெறும் விற்பனைத் தந்திரமும் இல்லை. டயர் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட போர்ஷே மாடலுக்கென்று கலவையையும் கட்டமைப்பையும் மாற்றி அமைத்து, போர்ஷே சோதித்து ஒப்புக்கொண்ட டயருக்கு என்0 என்று பொறிக்கிறார்கள். அதே டயரின் அடுத்தடுத்த திருத்தங்கள் என்1, என்2 என்று போகும். என்2 டயர் இன்னொரு பிராண்டின் என்0 டயரைவிட உயர்ந்தது என்று அர்த்தமில்லை. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறியும் மெர்சிடிஸுக்கு எம்ஓ குறியும் இதேபோலத்தான்.

நம் நாட்டுச் சட்டம் அந்த முத்திரையைக் கேட்பதில்லை. நிறுவனத்தின் உத்தரவாதம் நடப்பில் இருக்கும் கார் என்றால் முத்திரையுள்ள டயரையே போட்டுவிடுங்கள் என்பேன். பிறகு வாதம் எழாது. உங்களுடையது 2018ஆம் ஆண்டு ரீகான். ஆகவே வரிசை இப்படி: நான்கும் ஒரே மாடல், கேமனுக்கு உரிய என் முத்திரை, புதிய தேதி, கட்டுப்படியாகும் விலை எல்லாம் சேர்ந்து கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் முத்திரையில்லாத, மேலே சொன்ன வகையில் நான்கும் புதிது. செய்யவே கூடாதது, பின்னால் முத்திரையுள்ளது, முன்னால் இல்லாதது என்று கலப்பது. அதைப் போர்ஷேவே வேண்டாம் என்கிறது.

110 வேகத்துக்கு 'ஒய்' எதற்கு?

உங்கள் முன் டயரில் 92 ஒய், பின்னால் 98 ஒய் என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ வரை தாங்கும். 98 என்றால் 750 கிலோ. ஒய் என்பது 300 கி.மீ. வேகம் வரை, டபிள்யூ 270, வி 240. உங்கள் காரின் உச்ச வேகம் 275. அதனால்தான் தொழிற்சாலை டபிள்யூவை விட்டு ஒய்யைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

நீங்கள் 110க்கு மேல் போகமாட்டீர்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. அந்த வேகத்தில் எழும் வெப்பத்தைத் தாங்கும்படி டயரின் உள்கட்டு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்கிறது. அந்த இறுக்கத்தை வைத்துத்தான் காரின் சஸ்பென்ஷனையே அமைத்திருக்கிறார்கள். தரம் குறைந்த எழுத்தைப் போட்டால் கார் மந்தமாகவும் தளர்வாகவும் நடந்துகொள்ளும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வாளர் டயரைத்தான் முதலில் படம் எடுப்பார். வாகனத்தைப் பழுதில்லாமல் பராமரிப்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. மொட்டை டயருக்கும், தயாரிப்பாளர் குறித்ததைவிடத் தரம் குறைந்த டயருக்கும் விளக்கம் சொல்லும் நிலையில் நீங்கள் நிற்கக் கூடாது. எண்ணிலும் எழுத்திலும் இப்போது இருப்பதற்குச் சமம் அல்லது மேல், கீழே வேண்டாம்.

இதோடு இன்னொரு ஆசையையும் தொட்டுவிடுகிறேன். கடிதத்தின் கடைசியில், பின்னால் 285 போட்டால் மழையில் இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காது. அகலம் கூடக்கூட டயர் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது, மிதப்பது சீக்கிரமாகும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மனும் வரும். 265 போதும்.

செப்பாங் ஆசை

ஆண்டுக்கு இரண்டு முறை செப்பாங்கில் ஓட்டுகிறீர்கள். 5.543 கி.மீ. நீளம், இரண்டு நீண்ட நேர்பாதை, அவற்றின் முடிவில் கடும் பிரேக். அங்கே டயர் வெந்துபோவதை நேரில் பார்த்திருப்பதால்தான் பந்தய வகை டயரில் ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசையில் தப்பில்லை. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை அருமையான டயர்கள். ஆனால் அவற்றின் பூ ஆழம் குறைவு, பள்ளங்களும் குறைவு. சூடேறினால்தான் முழுப் பிடிமானம். சூடேறாத நிலையில், மாலை மழையில், பெடரல் நெடுஞ்சாலையில் தேங்கிய நீரில், அவை உங்களுக்கு நவம்பர் சம்பவத்தைத் திரும்பக் காட்டக்கூடும். ஆண்டின் 363 நாட்களை இரண்டு நாட்களுக்காகப் பணயம் வைக்காதீர்கள். முதல் ஆண்டு சாலை டயரிலேயே செப்பாங்கில் ஓட்டுங்கள். சுற்றுகளைக் குறைத்து, இடையிடையே ஆறவிடுங்கள். ஆர்வம் வளர்ந்தால் பந்தய டயருக்கென்று தனியாக ஒரு செட் ரிம் வாங்கி, தடத்தில் மாட்டிக் கழற்றிக்கொள்ளலாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டே போங்கள்: வழக்கமான மோட்டார் காப்புறுதியில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் என்ன சேதம் நேர்ந்தாலும் உங்கள் கைக்காசுதான். போவதற்கு முன் உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

கடையில் உங்கள் உரிமை

டயர்களை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பு நான்கின் தேதி எண்களையும் நீங்களே பார்க்க வேண்டும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்; நல்ல கடைக்காரர் தானே எடுத்துக் காட்டுவார். ஏற்றிய பிறகு திருப்பிக் கொடுப்பது கடினம். ரசீதில் பிராண்ட், மாடல், அளவு, தேதி எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'டயர் 4' என்று எழுதிய ரசீது பிற்பாடு உதவாது.

புதிது என்று சொல்லிப் பழைய இருப்பைத் தலையில் கட்டினால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. காரை விற்ற ரீகான் வியாபாரிமீதும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி திறந்திருக்கலாம், ஆனால் வாங்கிய பிறகு நீங்கள் 9,000 கி.மீ. ஓட்டியிருக்கிறீர்கள். அன்று உள்விளிம்பு எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் படமோ அறிக்கையோ இல்லை. என்னிடம் கேட்டால், அந்த அலைச்சலுக்குச் செலவாகும் நாட்களை டயர் வேலையில் செலவிடுங்கள் என்பேன்.

மாட்டும் நாளில்

டயரை மட்டும் மாற்றிவிட்டு வீடு திரும்பினால் அடுத்த ஆண்டும் உள்விளிம்பு இப்படித்தான் மொட்டையாகும். நான்கு சக்கரக் கோணத்தையும் அளந்து சரிசெய்யும் வசதியுள்ள கடையில், முதலில் உள்ளபடி ஓர் அளவு, சரிசெய்த பிறகு ஓர் அளவு, இரண்டையும் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பின் சக்கரங்களின் எண்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களும் டயரின் வயதுதான். தளர்ந்திருக்கின்றனவா என்று கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

ரிம் பூட்டுக்கான தனிச் சாவி காரில் இருக்கிறதா என்று முதல் நாளே தேடிவிடுங்கள். ரீகான் கார்களில் இது தொலைந்துபோயிருப்பது சகஜம். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி முடித்துவிட விடாதீர்கள். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 160 நியூட்டன் மீட்டர். காற்றழுத்த உணரி உள்ள கார் என்றால், டயர் மாற்றியதைக் கருவிப் பலகைத் திரையில் பதிய வேண்டும்; இல்லையேல் தவறான எச்சரிக்கை வரும். உங்கள் காரில் மாற்று டயர் கிடையாது, துளையை அடைக்கும் திரவப் புட்டிதான் இருக்கிறது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. 2018 புட்டி என்றால் அன்றே புதிது வாங்கி வையுங்கள்.

புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும். அந்த ஓட்டத்தை உங்கள் துணைவியார் செய்யட்டும் என்பது என் யோசனை. முதலில் உலர்ந்த நாளில் புத்ராஜெயாவின் அகலமான சாலைகளில். பிறகு ஒரு மழை நாளில் அதே சாலையில், நீங்கள் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்க. ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் டயர் மிதக்கிறது என்று பொருள்; அப்போது வேக மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, நேராகப் பிடித்திருந்தால் போதும், பிரேக் வேண்டாம். காராக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் அவர் செய்திருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

6,800 வெள்ளி ஒரேயடியாக முடியாது என்றால், பெரிய டயர்க் கடைகள் பலவற்றில் தவணை வசதி இருக்கிறது. முத்திரையில்லாத டயர் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவும் வரும். இன்னும் குறைக்க வேண்டுமானால், இதே 718க்குத் தொழிற்சாலை 18 அங்குல ரிம்மும் தந்திருக்கிறது. முன்னால் 235/45, பின்னால் 265/45. அந்த அளவில் டயர் விலை இறங்கும், குழியில் ரிம் அடிபடுவதும் குறையும். பயன்படுத்திய அசல் ரிம் நல்ல நிலையில் கிடைத்தால் யோசியுங்கள். விரிசல் இல்லை என்று சோதித்த பிறகு.

கோண அளவு அச்சுத் தாள்கள் இரண்டையும் கையில் வாங்கியதும் எனக்கு அனுப்பி வையுங்கள். பின்சக்கரக் கோணம் வரம்புக்குள் வர மறுக்கிறது என்று கடையில் சொன்னால், அதே நாளில் டயரை ஏற்றிவிட வேண்டாம். முதலில் எந்த இணைப்புத் தண்டு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.